சின்னப் புண்ணும் உயிரைக் குடிக்கும்! கணக்கில் வராமல் போகும் "செப்டிக்" சாவுகள்

சென்னை, செப். 13-

லாரி மோதி ஒருவர் இறந்தால் வழக்கு உண்டு. கத்திக்குத்து என்றால் எப்.ஐ.ஆர். உண்டு. காலில் முள் குத்தி, சீழ் பிடித்து, நாலாம் நாள் உயிர் போனால்?

பல சமயம் "இதயம் நின்றுவிட்டது" என்று எழுதுவதோடு சரி. முள்ளும் மறந்து போகும். சீழும் மறந்து போகும்.

இந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் செப்சிஸ். "செப்டிக் ஆயிடுச்சு", "ரத்தத்துல விஷம் ஏறிடுச்சு" என்று நம்ம ஜனங்கள் சொல்வது இதைத்தான். 2012-ம் ஆண்டில் இருந்து செப்டம்பர் 13-ந் தேதி உலக செப்சிஸ் தினம்.

5 சாவில் ஒன்று

எத்தனை பேர் சாகிறார்கள்? தலை சுற்றும் கணக்கு இது.

2017-ம் ஆண்டில் உலகம் முழுவதும் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இந்த நோய் வந்தது. 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்து போனார்கள். அந்த ஆண்டு உலகில் நடந்த சாவுகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று! 2020 ஜனவரியில் "லான்செட்" மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இது.

நோய் வந்தவர்களில் சுமார் 2 கோடி பேர் 5 வயசு நிரம்பாத பிஞ்சுகள். 100-க்கு 85 பேர் ஏழை, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள். அதாவது, நம்மைப் போன்றவர்கள்.

உள்ளே நடப்பது என்ன?

கிருமி நுழைய பெரிய வாசல் தேவை இல்லை. புண், நுரையீரல் சளி, மூத்திரப்பாதை, வயிறு, பிரசவம், ஆஸ்பத்திரியில் குத்திய ஊசி. எது வழியாகவும் வரலாம்.

வந்த கிருமியை எதிர்த்து உடம்பு சண்டை போடுகிறது. அந்தச் சண்டை கட்டு மீறிப் போவதுதான் செப்சிஸ். திருடனைப் பிடிக்க வந்த கூட்டம் வீட்டையே அடித்து நொறுக்கினால் எப்படி? அதே கதைதான். ரத்தக் குழாய்கள் கசிகின்றன. பிரஷர் இறங்குகிறது. கிட்னி நிற்கிறது. மூச்சு திணறுகிறது.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து அதிகம். காலில் உணர்ச்சி குறைந்துவிடுவதால் புண் இருப்பதே தெரியாது. இந்தியாவில் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. எத்தனை கால்கள் என்று யோசித்துப் பாருங்கள்!

ஒரு சிறுவனால் வந்த சட்டம்

அமெரிக்காவில் நியூயார்க் நகரம். 2012-ம் ஆண்டு. பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடிய 12 வயசு சிறுவனுக்குக் கையில் சிராய்ப்பு. மறுநாள் காய்ச்சல், வாந்தி. "வயிற்றுக் கோளாறு" என்று ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாட்களில் பையன் இறந்து போனான்.

பெற்றோர் சும்மா இருக்கவில்லை. போராடினார்கள். 2013-ல் நியூயார்க் மாநில அரசு விதி கொண்டு வந்தது. எல்லா ஆஸ்பத்திரிகளும் செப்சிசை உடனே கண்டுபிடிக்க முறை வைக்க வேண்டும். வைத்தியம் செய்த விவரத்தை அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

அந்தக் கணக்கில் இருந்து கிடைத்ததுதான் முக்கியம். 149 ஆஸ்பத்திரிகள், 49 ஆயிரத்து 331 நோயாளிகள். வைத்தியம் தள்ளிப்போன ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சாவு அபாயம் 100-க்கு 4 வீதம் ஏறியது என்று 2017-ல் தெரிய வந்தது.

எண்ணினார்கள், தெரிந்தது. எண்ணாவிட்டால்?

கை கழுவினால் போதும்!

இந்தச் சாவுகளில் பல விதி அல்ல, அழுக்கு என்று சொன்னால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் பழைய கதையைக் கேளுங்கள்.

1847, வியன்னா. செம்மல்வைஸ் என்ற டாக்டர் வேலை பார்த்த பிரசவ வார்டில், ஏப்ரல் மாதம் மட்டும் 100 தாய்மாருக்கு 18 பேர் ஜன்னி கண்டு இறந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்த்ததே காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் சொன்னார். ஜூன் மாதம் சாவு 100-க்கு 2 ஆகக் குறைந்தது!

புதுக் கதையும் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம். தீவிர சிகிச்சைப் பிரிவுகள் 103. பெரிய ரத்தக் குழாயில் டியூப் போடும்போது ஐந்தே வேலை. கை கழுவு, மருந்தால் தோலைச் சுத்தம் செய், உடம்பு முழுக்க மூடிக்கொள், தொடை வழியைத் தவிர், தேவை முடிந்ததும் டியூபை எடு. 18 மாதத்தில், டியூப் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறுவது மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை. 2006-ல் வெளியான விவரம்.

கிருமிக்குப் பயம் போச்சு

நம் நாட்டுக்கு வருவோம். டெல்லியில் 3 ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை, தீவிர சிகிச்சைக்கு வந்த 13 ஆயிரத்து 530 பச்சைக் குழந்தைகளைக் கவனித்தார்கள். 100-க்கு 14 குழந்தைக்கு செப்சிஸ். இறந்த குழந்தைகளில் நாலில் ஒன்று இந்த நோயால். இதைவிட அதிர்ச்சி: பிடிபட்ட கிருமிகளில் பல, வீரியமான மருந்துகளுக்கே மசியவில்லை.

கிருமிக்கு இந்தத் துணிச்சல் வந்ததில் நமக்கும் பங்கு உண்டு. "ரெண்டு மாத்திரை குடுங்கண்ணே" என்று மருந்துக் கடையில் வாங்கி, காய்ச்சல் விட்டதும் மீதியைப் பரணில் போடுகிறோம்.

2012-ல் சென்னையில் கூடிய டாக்டர்கள் இதைத் தடுக்க "சென்னைப் பிரகடனம்" வெளியிட்டார்கள். 2014 மார்ச் 1 முதல் எச்-1 பட்டியல் வந்தது. அதில் உள்ள மருந்தை விற்றால் டாக்டர், நோயாளி பெயரை எழுதி 3 வருஷம் நோட்டை வைத்திருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது. நோட்டைப் புரட்டிப் பார்க்க ஆள் வேண்டாமா?

செய்ய வேண்டியது

2020-ல் இந்தியாவில் பதிவான சாவுகளில் 100-க்கு 22.5-க்குத்தான் டாக்டர் சான்றுடன் காரணம் எழுதப்பட்டது. மீதிப் பேர் எதனால் போனார்கள்? செப்சிஸ் என்ற வார்த்தை சான்றிதழில் விடுபட்டால், கணக்கிலும் விடுபடும். கணக்கில் இல்லாத நோய்க்குப் பணமும் ஒதுக்க மாட்டார்கள்.

ஆகவே அரசு முதலில் எண்ண வேண்டும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் கணக்குக் காட்ட வேண்டும்.

பொதுமக்கள் செய்ய வேண்டியதும் உண்டு. காய்ச்சலோ புண்ணோ இருக்கும்போது மூச்சு வாங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? கை கால் சில்லிட்டுப் போகிறதா? மூத்திரம் குறைந்துவிட்டதா? குழந்தை பால் குடிக்க மறுக்கிறதா? "விடியட்டும், பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போனதும், "இது செப்சிசா இருக்குமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. கேட்காமல் விட்டால் போவது உயிர்.