செவ்வியல் நாவல்களின் மேலட்டை: நிலமும் சான்றும்

செவ்வியல் நாவல்கள் வரிசை நூல்களாக மறுபதிப்புப் பெறுங்கால், மேலட்டை பெரும்பாலும் விற்பனைக்குரிய அலங்காரமாகவே கருதப்படுகிறது. ழெரார் ழெனெத் 1987இல் விளக்கியவாறு, அது வாசகரைப் பனுவலுக்குள் இட்டுச்செல்லும் வாயிலாகும். ஆதலின் ஆய்வுக்கும் உரியது.

இதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் – இராசபாளையம் வட்டாரம் தக்க சான்று தருகிறது. தமிழக அரசு முத்திரையிலுள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க்குரியது எனப் பரவலாகக் கொள்ளப்படினும், மதுரைக் கோபுரம் என்பாரும் உளர். கோடுகளாகச் சுருங்கிய ஓவியம் தன் ஊரை எளிதில் இழந்துவிடும் என்பதே இதன் பாடம். ஆண்டாள் வரலாற்றைக் கூறும் கிருஷ்ணதேவராயரின் ஆமுக்தமால்யதவை இராசபாளையம் மு. கு. ஜகந்நாத ராஜா தமிழாக்கி, 1989ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். சூடிக்கொடுத்த மாலையை மையமாகக் கொண்ட அக்காப்பியத்திற்குப் பொதுவானதொரு கோபுரப் படம் போதாது.

நாவலுக்கும் இது பொருந்தும். தெலுங்கு பேசும் மக்கள் தெற்கே வந்து காடு திருத்திக் குடியேறியதைக் கூறுவது கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976). அதன் அட்டையில் காவிரிக்கரைப் பசுமைக்கு இடமில்லை. அவருடைய ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு கே. எம். ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்கள் இவ்வகையில் நல்ல முன்மாதிரி.

வரிசையின் ஒருமையை எழுத்துருவும் அமைப்பும் தரலாம்; படம் அந்தந்த நாவலின் நிலத்திலிருந்தே பிறத்தல் வேண்டும். ஓவியர் பெயரும் ஆண்டும் நூலில் பதிவாக வேண்டும். நூலகங்களில் மறுகட்டுச் செய்யுங்கால் கழற்றப்படும் பழைய அட்டைகளைத் தமிழ்த்துறைகள் மின்படியாக்கிக் காத்தல் வேண்டும். அட்டை அழியின், ஒரு தலைமுறை அந்நாவலை எவ்வாறு கண்டது என்பதற்கான சான்றும் உடன் அழியும்.