உடன் வராத பதிவுகள்

கும்பகோணத்திலிருந்து கோவைக்குப் பணிமாறுதல் பெற்று 2019இல் குடிபெயர்ந்தபோது, எவையெல்லாம் உடையும் என்று அஞ்சினேனோ அவற்றுள் ஒன்றும் உடையவில்லை. கண்ணாடி அலமாரி தப்பியது; அம்மாவின் ஊறுகாய் ஜாடிகள் தப்பின. போர்வை சுற்றி, என் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஒரு பெட்டியில் இருந்தவைதாம் அழிந்தன. அழிந்தன என்பதுகூடப் பிழை. இருக்கின்றன; பார்க்க இயலாது.

அது டி.டி.எச். நிறுவனம் ஒன்றின் பதிவு வசதியுள்ள செட் டாப் பெட்டி. 2010இல் முழு விலை கொடுத்து வாங்கினேன். வகுப்பில் இருக்கும் நேரத்தில் ஒளிபரப்பாவதைத் தானே பதிந்து வைத்துக்கொள்ளும், இரவில் பார்க்கலாம். அம்மா அதில் மார்கழிக் கச்சேரிகளைச் சேர்த்து வைத்திருந்தார். நான் சேர்த்தவை சிலவே. அவற்றுள் ஒன்று, எனக்கு யாப்பிலக்கணம் கற்பித்த பேராசிரியர் 2012இல் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் அரைமணி நேரம் பேசியது.

வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று எந்த இலக்கண நூலும் சொல்லிவிடும். மாணவர்களும் தேர்வில் எழுதிவிடுவார்கள். ஆனால் அவ்வோசைகள் காதில் எப்படி விழும் என்பதை அச்சில் காட்ட முடியாது. அவர் வாயால் காட்டுவார். அந்நிகழ்ச்சியிலும் நான்கையும் அடுத்தடுத்துச் சொல்லிக் காட்டினார். 2015இல் அவர் மறைந்தபின், வீட்டுக்கு வரும் முதுகலை மாணவர்களுக்கு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டிவிட்டு நான் சும்மா இருந்துவிடுவேன். அதைவிட நல்ல வகுப்பை என்னால் எடுக்க முடிந்ததில்லை.

கோவையில் டிஷ் பொருத்தவே இரண்டு நாள் ஆயிற்று. துணைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நமக்குத் தென்கிழக்கு வானில் இருக்கிறது. அந்தத் தூரத்துக்குக் கும்பகோணமும் கோவையும் அண்டை வீடுகள். தட்டைச் சற்றே திருப்பினால் போதும். ஆனால் எங்கள் பால்கனி வடக்கு நோக்கியது. மொட்டைமாடியில் வைக்கக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வேண்டும். சங்கச் செயலாளரைப் பிடிப்பதைவிடத் துணைக்கோளைப் பிடிப்பது எளிது.

எல்லாம் முடிந்து பழைய பெட்டியை எடுத்துக் கொடுத்தபோது, பொருத்த வந்த தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், இந்த மாடலெல்லாம் இப்ப ஆக்டிவேட் ஆகாது. புது பாக்ஸ்தான் போடணும்.” பழைய கார்டு அன்றே நிறுத்தப்பட்டது. சேவை மையத்தை அழைத்தேன். பேசிய பெண் மிகப் பணிவாகப் புதுப் பெட்டிக்குச் சலுகை விலை சொன்னார். பதிவுகள் என்னவாகும் என்று கேட்டேன். “அது அந்த பாக்ஸோட போயிடும் சார்” என்றார்.

பழைய பெட்டியைத் தொலைக்காட்சியில் இணைத்தால் பதிவுகளின் பட்டியல் வருகிறது. நாளும் நேரமும்கூட அப்படியே இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், சந்தாவைப் புதுப்பிக்கவும் என்கிறது. கணிப்பொறி தெரிந்த மாணவர் ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே இருப்பது கணிப்பொறியில் உள்ளது போன்ற சாதாரண வன்தட்டுத்தான். அதைத் தம் கணிப்பொறியில் இணைத்தபோது, இது வெற்றுத்தட்டு, ஃபார்மட் செய்யலாமா என்று கேட்டதாம். நல்ல வேளை, அவர் வேண்டாம் என்றார். நிகழ்ச்சிகள் பூட்டிய வடிவிலேயே தட்டில் எழுதப்படுகின்றன. திறவுகோல் அந்தக் கார்டிலும் பெட்டியிலும் இருக்கிறது. அதைச் செயற்படுத்துவதும் நிறுத்துவதும் நிறுவனத்தின் கையில். ஒன்பதாண்டுகள் என் வீட்டில், என் மின்சாரத்தில் ஓடியது என் பெட்டியன்று என்பதை வீடு மாறிய பிறகே அறிந்தேன்.

ஒளிபரப்புவோருக்கும் நியாயம் உண்டு. பூட்டு இல்லையெனில் மறுநாளே அது குறுந்தட்டாகத் தெருவில் விற்கும் என்பர். நம்மவர் அப்படிச் செய்யக்கூடியவர்களே. ஆனால் வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது திருட்டன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இலேயே, ஐவர்க்கு நால்வர் என்ற பெரும்பான்மையில், வீடியோ கேசட் கருவி பற்றிய வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. நம் பதிப்புரிமைச் சட்டமும் சொந்தப் பயன்பாட்டை ஒதுக்கி வைத்துப் பார்க்கிறது. நான் கேட்பது பூட்டை உடைக்கும் உரிமையன்று. பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு, பூட்டோடே மாற்றித் தாருங்கள் என்பதுதான். இரு பெட்டிகளும் ஒரே நிறுவனத்துடையவை, சந்தாதாரரும் ஒருவரே. ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் நிறுவனம் மாற வழி வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் பரிந்துரைத்தது. நல்லதே. ஆனால் அதன் கவலை இணைப்பை மாற்றுவது. பெட்டிக்குள் பதிந்து வைத்ததைப் பற்றியும் யாரேனும் ஒரு வரி எழுத வேண்டாமா?

கும்பகோணத்திலிருந்து வீடு மாறியவர் என்று சொல்லும்போது தமிழாசிரியன் எவனுக்கும் உ.வே.சா. நினைவுக்கு வருவார். 1880 முதல் அங்குக் கல்லூரியில் பணியாற்றி, 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். அவர் தேடிச் சேர்த்த சுவடிகள் எங்கே கொண்டுபோனாலும் சுவடிகளே. எழுத்தறிந்தவர் எவரும் படிக்கலாம், படியெடுக்கலாம். கரையான் தின்றதும் நீரில் போனதும் உண்டு. எனினும் ஓர் ஊரில் அழிந்ததன் மற்றொரு படி வேறோர் ஊரில் ஒரு கவிராயர் வீட்டுப் பரணில் கிடந்தது. அதனால்தான் பல பிரதிகளை ஒப்பிட்டு அவரால் பதிப்பிக்க முடிந்தது. வேறு எவரும் படியெடுக்க முடியாத ஏடு என்று ஒன்றை அவர் கற்பனை செய்திருக்கவே மாட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். இதை வாசிப்போரில் யாருக்கேனும் உதவலாம். பதிவு வசதியுள்ள இத்தகைய பழைய பெட்டி இன்னும் ஓடுகிறது என்றால், வீடு மாறும் முன், இணைப்பு உயிரோடிருக்கும்போதே, பின்புறம் உள்ள மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளிலிருந்து வயர் இழுத்து, வீடியோவைக் கணிப்பொறியில் ஏற்றும் சிறு கருவியில் கொடுத்து, நிகழ்ச்சியை முழுமையாக ஓடவிடுங்கள். அரைமணி நிகழ்ச்சிக்கு அரைமணி ஆகும், படம் சற்று மங்கும், பெரும்பாலும் பதிவாகிவிடும். எனக்கு இதைச் சொன்னவர் பெட்டியைத் திறந்து பார்த்த அதே மாணவர்தாம். கார்டு நிறுத்தப்பட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

அந்தத் தொலைக்காட்சிக்கு எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. ஓசை பற்றிய வகுப்பை இப்போது நானே எடுக்கிறேன். வெண்பா ஓரளவு வருகிறது, தூங்கலோசை வரவில்லை. பெட்டி இன்னும் அலமாரியின் மேல்தட்டில் போர்வையோடு இருக்கிறது. பழைய சாமான்காரர் வரும்போதெல்லாம் வீட்டில் அதை எடுத்துப் போடச் சொல்கிறார்கள்.