மோன் சான் மிஷெல்: ஒரு ராத்திரி தங்கினால்தான் கணக்கு சரிவரும்

பாரிஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் இடங்கள் என்று எந்தச் சுற்றுலாப் பட்டியலை எடுத்தாலும் மோன் சான் மிஷெல் அதில் இருக்கும். நார்மண்டிக் கடலோரத்தில், மணலும் சேறுமாகக் கிடக்கும் விரிகுடாவுக்கு நடுவே ஒற்றைப் பாறை. சுற்றி மதில், மதிலுக்குள் வளைந்து ஏறும் ஒரு தெரு, உச்சியில் மடாலயம். படத்திலாவது பார்த்திருப்பீர்கள்.

என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ஒரே நாளில் போய் வருவதாக இருந்தால் போகவே வேண்டாம். அந்தக் காசைச் சேர்த்து வைத்து, ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி இன்னொரு முறை போங்கள்.

"படிக்கிற பையனுக்கு ஓட்டல் கேட்குதா?" என்று நினைப்பவர்கள் கணக்கைக் கேளுங்கள். பாரிஸிலிருந்து அந்த இடம் சுமார் 360 கிலோமீட்டர். போக நாலு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. நடுவில் கிடைப்பது உச்சி வெயிலில் நாலைந்து மணி நேரம். சாதாரண வருடங்களில் 25 லட்சம் பேருக்குக் குறையாமல் வருகிற இடம். எல்லோரும் வருவது அதே பகல் நேரத்தில்தான், நடப்பது அதே ஒற்றைத் தெருவில்தான். முன்னால் போகிறவரின் முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறி, பார்த்துக்கொண்டே கீழே இறங்கலாம். நான் படிக்கும் ரென் நகரத்திலிருந்து பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். அப்படியும் என் வகுப்பில் பலர் பகலில் போய்விட்டு வந்து, "கடையும் கூட்டமும்தான்டா, கடலையே காணோம்" என்கிறார்கள்.

கடலைக் காணாததில் ஒரு விஷயம் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

இந்த விரிகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரம், பெரிய நாட்களில் 14 மீட்டர் வரை போகும். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஏற்ற இறக்கங்களில் ஒன்று. பெரிய ஏற்றம் வருவது அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில். இதுவரை பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் சொல்லாதது என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட கடற்கரையில் இந்தப் பெரிய ஏற்றம் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். இங்கே அது காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், மறுபடி மாலையில் அதே போல. அப்படியானால் அன்றைய தினம் மதியம் என்ன இருக்கும்? வெறும் சேறு! மதியத்தில் கடல் ஏறும் நாட்களும் உண்டு. ஆனால் அவை சின்ன ஏற்றத்து நாட்கள்; தண்ணீர் பாறையின் காலடி வரை எட்டிக்கூடப் பார்க்காது. ஆக, பதினொன்றுக்கு வந்து நாலு மணிக்குக் கிளம்புகிறவர், வருடத்தில் எந்த நாளில் வந்தாலும் அந்தப் பெரிய தண்ணீரைப் பார்க்கப்போவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1879-ல் கரையிலிருந்து பாறைக்கு மண்ணைக் கொட்டிச் சாலை போட்டார்கள். அதற்குப் பிறகு மணல் சேர்ந்து சேர்ந்து, தீவு என்பது பேருக்குத்தான் என்று ஆகிவிட்டது. அதைச் சரிசெய்ய, மணலைக் கடலுக்குத் தள்ளும்படி குவேனோன் ஆற்றில் 2009-ல் ஒரு அணை, அடியில் தண்ணீர் ஓடும்படி 2014-ல் தூண்கள் மேல் ஒரு பாலம் என்று கட்டி, 2015-ல் பழைய சாலையையே பெயர்த்து எடுத்தார்கள். இத்தனையும் பாறையைச் சுற்றித் தண்ணீர் திரும்ப வரவேண்டும் என்பதற்காக. தண்ணீர் வரும் நேரத்தில் பார்க்க வந்தவர்கள் பேருந்தில் தூங்கிக்கொண்டு பாரிஸ் திரும்புகிறார்கள்!

மதிலுக்குள் உண்மையாகக் குடியிருப்பவர்கள் முப்பது பேர்கூடத் தேறமாட்டார்கள். "வீடுகள் போய் ஓட்டல் ஆகிவிட்டன, அங்கே தங்குவது அந்த ஊரைக் கெடுப்பது" என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆயர் ஓபேர் 708-ல் அங்கே முதல் வழிபாட்டிடம் எழுப்பியதாகச் சொல்வது மரபு. அதன் பிறகு யாத்திரிகர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்துத்தான் அந்தத் தெருவே வளர்ந்தது. 1888-ல் அங்கே விடுதி தொடங்கிய அனெத் புலார் அம்மாள் ஆம்லெட்டுக்குப் பேர்போனவர். கடல் வற்றும் நேரம் பார்த்து நடந்து வருகிறவர்கள் எந்த வேளையில் பசியோடு வந்து நிற்பார்கள் என்று தெரியாது, உடனே செய்து போட ஆம்லெட்தான் வசதி என்பது அதற்குச் சொல்லும் கதை. கடல் சொல்லும்வரை காத்திருப்பதுதான் அந்த ஊரின் பழைய பழக்கம். நாலு மணி நேரத்தில் பார்த்து முடிப்பதுதான் புதுசு. (1863 வரை அது சிறைச்சாலையாகவும் இருந்தது. அவர்கள் கொஞ்சம் அதிகமாகவே தங்கினார்கள் :-))

சரி, எங்கே தங்குவது? மதிலுக்குள் வாடகை அதிகம், அறை சின்னது. நாங்கள் இருந்த விடுதியில் லிஃப்ட் கிடையாது, பெட்டியைக் கல்படிகளில் நாமேதான் தூக்க வேண்டும். விடியற்காலை கடற்புறாக்கள் போடும் சத்தத்துக்கு அலாரம் தேவையில்லை. ஆனால் மாலை ஆறு, ஏழுக்கு மேல் கடைகள் ஷட்டர் இறக்கியதும் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். மதில் மேல் நின்றால் தூரத்தில் முதலில் இரைச்சல், பிறகு இருட்டில் ஒரு வெள்ளைக் கோடு, அப்புறம் நாம் நடந்து வந்த மணலே இல்லை. அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது அவரவர் பையைப் பொறுத்தது.

பை ஒத்துழைக்காவிட்டால் எதிர்க்கரையில், வண்டி நிறுத்தும் இடத்தருகே தங்கலாம். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி பொன்தோர்சோன். என்னைக் கேட்டால் எதிர்க்கரைதான் ஒரு படி மேல். பாறை மேல் நின்றால் பாறை தெரியாதே! ராத்திரி பாலத்தில் நடந்து போய் வரலாம், ஊருக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. மேலே மடாலயத்துக்கு மட்டும்தான் டிக்கெட். மணலில் மட்டும் வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள், புதைமணல் உண்டு.

அறை பதிவு செய்யும் முன் ஏற்ற அட்டவணையைப் பாருங்கள். 110-க்கு மேல் எண் போட்டிருக்கும் நாளில் பாலத்தின் முனையும் சிறிது நேரம் முழுகி, பாறை நிஜமாகவே தீவாகிவிடும். அந்த நாட்களில் அறைகள் மாதக்கணக்கில் முன்பே போய்விடுகின்றன. ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் சீக்கிரம் முடித்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் அங்கே ஆம்லெட்கூடக் கிடைப்பது கஷ்டம்.