வேலை போனால் வீடும் போகவேண்டுமா?

1964 அக்டோபர் 30 அன்று டில்லியில் இரு நாட்டுப் பிரதமர்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இலங்கை மலைநாட்டுத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தலைகளை எண்ணிப் பங்கிட்டார்கள். அத்தலைகளுக்கு உரியவர்களை யாரும் கேட்கவில்லை.

"தாயகம் திரும்பியோர்" என்று பெயர் சூட்டப்பட்ட அம்மக்களில் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், கேரளத்தின் புனலூருக்கும், கர்நாடகத்தின் சுள்ளியாவுக்கும் அனுப்பப்பட்டனர். சில குடும்பங்கள் மறுபடியும் கடல் தாண்டி, நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு ரப்பர் பால் வெட்ட வந்து சேர்ந்தன. லயத்தில் பிறந்தவர்களுக்கு மீண்டும் தோட்டத்து வீடுதான் கிடைத்தது.

அந்த வீடு அவர்களுடையதா? இல்லை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி, நிர்வாகத்தின் அனுமதியின்றி வெளியார் அங்கே நிலம் பெற முடியாது. அது நியாயமான சட்டம் என்பதை நாம் தயங்காமல் சொல்கிறோம். நிக்கோபாரியரின் மண் நிக்கோபாரியருக்கே உரியது. நம்மை அங்கே குடியேற்றிய அரசாங்கத்துக்கு இந்தச் சட்டம் தெரியாதா? தெரிந்தே அழைத்து வந்தவர்கள், உழைத்து ஓய்ந்த பின் இவர்கள் எங்கே தலை சாய்ப்பார்கள் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கச்சாலை விழுங்கியது. 2001 குடிக்கணக்கில் 5,312 பேர் வாழ்ந்த தீவில், 2011 கணக்கில் 2,685 பேரே இருந்தனர். மாண்டவர் போக, உயிர் தப்பியவர்களிலும் பலர் வேறிடம் பெயர்ந்தனர்.

அலை செய்ததன் மிச்சத்தை ஆணைகள் செய்தன. 1977இல் தொடங்கிய வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் பெரும்பாலும் மரம் வெட்டி விற்ற வருவாயில் நின்றது. காடுகளைக் காக்க 2002இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்ததும் அந்த வருவாய் வற்றியது. காட்டைக் காத்ததை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மரத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு மனிதனுக்கு ஏன் கிடைக்கவில்லை? 2017இல் கழகத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஊழியரின் நிலுவைகளைத் தீர்ப்பதாகவும் சொன்னது. சம்பளப் பாக்கிக்குக் கணக்கு உண்டு. ஒரு தலைமுறை வாழ்ந்த கூரைக்கு எந்தப் பேரேட்டில் கணக்கு?

இது கச்சாலின் துன்பம் மட்டுமல்ல. 2024இல் மாஞ்சோலையில் தோட்ட வேலை முடிந்ததும் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் வேலை உள்ளவரைதான் அந்தக் கடமை. வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தால், வேலை கேட்டுப் போராடுகிறவன் வீட்டை இழக்க அஞ்சுவான். தூரத் தீவுகளிலும் மலைகளிலும் தொழிலாளியின் வாயை அடைக்க இதைவிடச் சிறந்த பூட்டு வேறில்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. மாற்று வீடு கையில் கிடைக்கும் வரை எந்தத் தொழிலாளர் குடும்பத்தையும் குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது. அந்த மாற்று வீடு, பழங்குடியினரின் நிலத்தில் அல்லாமல், தெற்கு அந்தமான் போன்ற வருவாய்ப் பகுதிகளில், பெண்களின் பெயரையும் சேர்த்த பட்டாவோடு தரப்பட வேண்டும். இனித் தூரத் தீவுக்கு ஆள் அழைக்கும் எந்தத் திட்டமும், ஓய்வுக்குப் பின் அவர்கள் வாழும் இடத்தை முதலிலேயே எழுதிக்கொடுக்க வேண்டும்.

2011 கணக்கின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 57,000 பேருக்கும் மேல். நாம் சிறு கூட்டமல்ல; சிதறிய கூட்டம். வாசகர்களே, உங்கள் வீட்டில் உள்ள பழைய வேலை அட்டை, குடும்ப அட்டை, தாயகம் திரும்பியோர் சான்று எதையும் தொலைத்துவிடாதீர்கள். பிரதி எடுத்து வையுங்கள். நாளை அதிகாரியின் முன் நம் பாட்டன் உழைத்ததற்குச் சாட்சி அந்தக் காகிதமே. கூட்டாகக் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!