வெருகல் வழியே நடந்த ஹிப்பிகள்

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த எழுபதுகளின் பிற்பகுதியில் 'ஹிப்பி' என்பது நம்மவரிடையே ஒரு வசைச்சொல்லாகவே வழங்கிற்று. காதை மறைத்து முடி வளர்த்தவன் ஹிப்பி. பெல்பொட்டம் அணிந்தவன் ஹிப்பி. பரீட்சையில் தவறியவனும் ஹிப்பியே. சிங்கப்பூரில் அரசாங்கமே முன்னின்று, நீள்முடி வைத்த ஆண்களுக்கு இறுதியாகவே சேவை வழங்கப்படும் என்று அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டியது. நமக்குச் சுவரொட்டி தேவைப்படவில்லை. தகப்பன்மாரே போதுமானவர்களாக இருந்தனர்.

அந்த ஹிப்பிகள் இலங்கையில் எதை விட்டுச் சென்றனர் என்ற கேள்விக்கு ஹிக்கடுவையையும் அறுகம்குடாவையும் காட்டுவதே வழக்கம். வெருகலையும் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

வெருகலை அறியாத வாசகர்களுக்கு: திருகோணமலை மாவட்டத்தின் தென் எல்லையில், மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு கடலை நெருங்குமிடத்தில் அமைந்தது அவ்வூர். சித்திரவேலாயுத சுவாமி கோவிலால் பெயர்பெற்றது. வடக்கிலிருந்து கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் மூதூரைக் கடந்து, இங்கு தங்கி, ஆற்றைத் தாண்டி வாகரைப் பக்கம் செல்வர். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவோருக்கு இது ஏறத்தாழ ஒன்றரை மாத நடை.

மேற்கின் இளைஞர்கள் கிழக்கை நோக்கிப் புறப்பட்டதில் நம் மண்ணுக்கும் ஒரு பங்குண்டு. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் வூட்ஸ்டொக் இசைவிழாவில் திரண்ட ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் முன்னிலையில் தொடக்க உரை ஆற்றியவர், கோயம்புத்தூர் அருகே பிறந்த தமிழரான சுவாமி சச்சிதானந்தர். ரிஷிகேசத்துச் சிவானந்தரால் 1953இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட அவர், முதலில் தபோவனம் அமைத்தது திருகோணமலையில்; பின்னர் கண்டிக்குச் சென்றார். 1966இல் நியூயோர்க் செல்லும்வரை அவரது பணி பெரிதும் இத்தீவிலேயே நடந்தது. நம்மூரில் யோகாசனம் கற்பித்த ஒருவர் வூட்ஸ்டொக் மேடையில் அமர்ந்திருந்த செய்தியை அறிந்தவர் இங்கு மிகச் சிலரே.

இஸ்தான்புல், காபூல், டெல்லி, காத்மண்டு என நீண்ட ஹிப்பிப் பாதையின் தெற்குக் கிளை இலங்கையில் முடிந்தது. அவர்கள் வந்த காலத்தை மறந்துவிட்டு அவர்களை எடைபோட முடியாது. 1971 ஏப்ரலில் தென்னிலங்கையில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்து, பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் கொல்லப்பட்டனர், சிறையில் அடைக்கப்பட்டனர். அதே காலத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து, தமிழ் மாணவர்களின் வாயிற்கதவு குறுகிற்று. அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற நாட்கள் அவை. வேலை கிடைக்காத ஓர் இளைஞனின் கண்முன், வேலையே வேண்டாமென்று வீட்டைத் துறந்து வந்த இன்னோர் இளைஞன் கடற்கரையில் படுத்துக் கிடந்தான். ஒருவன் துறந்தது மற்றவனுக்கு எட்டாக் கனி. நம்மவருக்கு எழுந்த எரிச்சலை வெறும் பழைமைவாதம் என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை.

ஆயினும் வந்தவர் அனைவரும் படுத்துக் கிடக்கவில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் ஆசிரமம் வைத்திருந்த கௌரிபாலா சுவாமி, ஜேர்மன் சுவாமி என்றே அறியப்பட்டவர். பௌத்த பிக்குவாக இலங்கைக்கு வந்து, பின்னர் யோகர் சுவாமியின் சீடரானவர். எழுபதுகளின் தொடக்கத்தில் மேற்கிலிருந்து வந்த இளைஞர் சிலர் அவரிடம் சென்று சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர், 1972இல் கதிர்காமப் பாதயாத்திரையில் நடந்தார்.

மைக் வில்சனையும் இங்கு குறிப்பிட வேண்டும். வயதால் அவர் ஹிப்பி அல்லர். ஆர்தர் சி. கிளார்க்குடன் இலங்கைக்கு வந்த சுழியோடியான அவர், 1956இல் திருக்கோணேச்சரத்தின் மலையடியில் கடலுள் கிடந்த பழைய கோவிலின் இடிபாடுகளைக் கண்டவர். 1962இல் வெளியான முதலாவது சிங்கள வண்ணத் திரைப்படமான 'ரன்முது தூவ'வின் இயக்குநர். பின்னர் அனைத்தையும் விடுத்து, சுவாமி சிவகல்கி என்ற பெயரில் கதிர்காம முருகனின் அடியாராகி, 1995இல் மறைந்தார்.

இவர்கள் தேர்ந்த பாதை எத்தகையது? கையில் பணமின்றி, ஊரார் இட்ட சோற்றை உண்டு, கோவில் வீதியிலும் மரத்தடியிலும் துயின்று, குமனை, யால காடுகளுக்குள் யானைக்கு அஞ்சி நடக்கும் பாதை. அதில் எவரும் 'சுவாமி', பெண்களாயின் 'சுவாமி அம்மா'. பட்டத்துக்கோ பதவிக்கோ அங்கு விலையில்லை. பிச்சையெடுத்து நடந்த கிழவர்களின் பின்னால், அவர்கள் சொன்ன இடத்தில் படுத்து, கொடுத்ததை உண்டு, ஒரு வெள்ளைக்கார இளைஞன் நடந்தான். நம் படித்த வர்க்கத்தினரோ கதிர்காமத்திற்குப் பேருந்தில் போய்வந்தனர். பாதயாத்திரையை ஏழைகளின், கிழவர்களின் பழக்கமென்று எண்ணியிருந்தனர். நம் பழைய வழக்கத்தை மதிக்க வெள்ளைக்காரன் சான்றிதழ் வேண்டியிருந்ததா என்று இன்று சிலர் கோபிக்கின்றனர். கோபம் நியாயமானதே. ஆனால் அதைக் காட்ட வேண்டிய திசை வேறு.

1983க்குப் பின் போர் அந்த நடையை முடக்கிற்று. 1988இல் கதிர்காம அடியார் அறக்கட்டளை அதை மீண்டும் தொடங்கியபோது, முன்னின்று உழைத்தவர்களுள் 1972இல் நடந்த அதே அமெரிக்கரும் ஒருவர். யாத்திரையின் பாதை, கதைகள், கோவில்கள் பற்றிய பெருந்தொகுப்பொன்றை இணையத்தில் உருவாக்கியதிலும் அவருக்கே முதன்மைப் பங்கு. நம் பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்நியருக்குக் கடவுச்சீட்டு இருந்தது. 2004 ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் புலிகளும் கருணா அணியினரும் மோதியபோதும், 2006இலும் 2007இலும் மூதூர் கிழக்கும் வாகரையும் வெறிச்சோடியபோதும், ஊரை விட்டு ஓடியவர்களுக்கு ஏறிச்செல்ல விமானம் இருக்கவில்லை. அவ்வாறு ஓடித் திரும்பியவர்களே இன்றும் வெருகலில் யாத்திரிகருக்கு உலை வைக்கின்றனர். யாத்திரை பிழைத்ததில் பெரும்பங்கு அவர்களுடையது.

கடற்கரைக்குப் போன மற்றைய ஹிப்பிகளின் கதை வேறு திசையில் வளர்ந்தது. மலிவாக ஆசியாவைக் கடக்கும் வழியை 1973இல் ஒரு சிறு நூலாக வெளியிட்ட வீலர் தம்பதியர் தொடங்கிய லோன்லி பிளனட், உலகின் பெரும் பயண நூல் நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. சந்தையை வெறுத்தவர்களின் தடத்தில் சந்தை வந்து அமர்ந்தது. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டுமென்று அறிவிக்கப்பட்ட விருந்தொன்று, எதிர்ப்பு எழுந்ததால் இரத்தாயிற்று. ஹிப்பிகள் வெறுத்த உலகத்தில்கூட அத்தகைய விளம்பரத்தைத் துணிந்து எழுத ஒருவர் தயங்கியிருப்பார்.

வெருகலில் இன்னும் விளம்பரப் பலகை எழவில்லை. ஆற்றின்மேல் பாலம் வந்துவிட்டது. பாதைக்குக் காத்துநின்ற காலம் போயிற்று. யாத்திரிகர் தொகை பெருகியுள்ளது, அவர்கள் எறியும் பிளாஸ்டிக் போத்தல்களும் பெருகியுள்ளன. உகந்தைமலைக்கு அப்பால் காட்டுப்பாதை எந்நாளில் திறக்கும், எந்நாளில் மூடும் என்பதை இப்போது அதிகாரிகளின் கூட்டமே முடிவு செய்கின்றது. வடக்கிலிருந்து ஒன்றரை மாதம் நடந்து வருகின்ற கிழவிக்கு அந்தத் திகதியை யார், எவ்விடத்தில் சொல்வார்?