மூக்கை நீதவானாக்காதீர்கள்

வெள்ளவத்தையில ஒரு அனெக்ஸில நாங்கள் மூன்று பேர் இருந்தம். நான் யாழ்ப்பாணம், மற்றவன் மட்டக்களப்பு, மூன்றாவது பெடியன் ஹட்டன் பக்கம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் படிக்கட்டில கஞ்சா மணம். வீட்டுக்கார அன்ரி மேல வந்தா. என்னட்ட ஒன்றும் கேக்கேல்ல. மட்டக்களப்பானட்டையும் கேக்கேல்ல. நேரா ஹட்டன் பெடியன்ட கதவைத் தட்டி, “தம்பி, உங்கட அறையை ஒருக்காப் பாக்கலாமே?” எண்டா. மெத்தையைத் தூக்கிப் பாத்தா, பாக்கைத் திறக்கச் சொன்னா. ஒன்றும் இல்லை. ஆனாலும் மாத முடிவில அவன் வேற இடம் தேட வேண்டி வந்தது. காரணம் என்ன எண்டு கடைசி வரைக்கும் யாரும் வாய் திறந்து சொல்லேல்ல.

அவன் போன பிறகும் மணம் வந்துகொண்டுதான் இருந்தது. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுற மாடியில இருந்து. அது தெரிஞ்ச பிறகு அன்ரி ஜன்னலைச் சாத்தினா, அவ்வளவுதான். அவனைத் திரும்பக் கூப்பிட வேணும் எண்டு அவவுக்கும் தோன்றேல்ல. உண்மையைச் சொன்னா, எங்களுக்கும் தோன்றேல்ல.

பிறகு அன்ரி ஸ்காபரோவில இருக்கிற மகனிட்டப் போய் ஆறு மாதம் நிண்டிட்டு வந்தா. “லிஃப்டில ஏறினா அதே மணம்தான். முதல் ஒரு மாதிரி இருந்தது, பிறகு பழகிட்டுது. அங்க அது சட்டப்படி சரியாம், தம்பி” எண்டு சிரிச்சுக்கொண்டே சொன்னா. அதே மூக்கு, அதே மணம்.

கஞ்சா நல்லதா கெட்டதா என்று இந்தக் கட்டுரை கேட்கவில்லை. அந்த விவாதத்துக்கு எங்கட ஊரில ஆள் பஞ்சம் இல்லை. என்ர பிரச்சினை மூக்கைப் பற்றியது. ஒரு மணம் எப்ப வெறும் தொந்தரவு, எப்ப அது ஒரு ஆளுக்கு எதிரான சாட்சி, இதை யார் முடிவெடுக்கினம்?

மணத்தில இருந்தே தொடங்குவம். போதை தருகிற டிஎச்சிக்குச் சொல்லத்தக்க மணமே கிடையாது. நாங்கள் முகருவது அந்தச் செடி தன்னுடைய தேவைக்காகச் சுரக்கிற எண்ணெய்களை. மாவிலையிலும் எலுமிச்சைத் தோலிலும் இருக்கிற டெர்பீன் வகைகள்தான் அவற்றில் பெரும்பகுதி. அதோடு மிக மிகச் சிறிய அளவில் கந்தகம் கலந்த சேர்மங்கள். மூக்கைக் குத்துகிற அந்த நெடிக்கு இந்தக் கந்தகச் சேர்மங்கள்தான் காரணம் என்று 2021இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். உள்ளிப்பூண்டின் மணத்துக்குக் காரணமான பொருட்களின் உறவுக்காரர் இவை. அமெரிக்கர்கள் இதை ‘ஸ்கங்க்’ மணம் என்பார்கள், அங்கே நாத்தம் பீச்சுகிற ஒரு விலங்கின் பெயரால். எங்கட காட்டில அந்த விலங்கு இல்லை. அதனால இங்க ஒருத்தருக்கு இது எரிஞ்ச கயிறு, இன்னொருத்தருக்குப் பச்சை இலைப் புகை, என்ர அம்மாவுக்கு “என்னவோ கருகுது”. மூக்கு ரசாயனத்தை மட்டும் வாசிக்கிறதில்லை. வளந்த ஊரையும் சேத்துத்தான் வாசிக்குது.

தமிழுக்கு இது புதுசும் இல்லை. பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். பூ நாறியது, கூந்தல் நாறியது. இண்டைக்கு ஒருத்தியின்ர கூந்தல் நாறுது எண்டு சொல்லிப் பாருங்கோ! பொருள் அப்படியே இருக்க, அதைக் கேக்கிற காது மாறிவிட்டது. மணத்துக்கும் அதுதான் நடக்குது.

யாழ்ப்பாணத்துச் சுருட்டை எடுங்கள். புகையிலை எங்கட காசுப் பயிர். சுருட்டுக் கொட்டில்கள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கு. சுருட்டு மணத்தைப் பற்றி எழுதாத புலம்பெயர் நினைவுக் குறிப்பே இல்லை எண்டு சொல்லலாம்: தாத்தாவின்ர சால்வை, சாய்மனைக் கதிரை, மெல்லிய புகை. அந்தப் புகை நுரையீரலை என்ன செய்யும் எண்டு எல்லாருக்கும் தெரியும். 2006இல் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம் வந்த பிறகு மூடிய பொது இடங்களில் புகைக்க ஏலாது. இருந்தும் சுருட்டு மணக்கிற தாத்தா எங்களுக்குப் பாசத்துக்குரிய தாத்தாதான். கள்ளுக்கு அந்தச் சலுகை கிடைச்சதா? கள்ளைக் குடிச்சவர் வாயைக் கொப்பளிச்சுப்போட்டு உள்வீட்டுக்குப் போனார். இறக்கிக் குடுத்தவருக்குத்தான் தலைமுறை தலைமுறையா ‘மணம்’ ஒட்டினது. சாதி தன்னுடைய வேலையை எப்போதும் மூக்கால்தான் முதலில் செய்யும். ‘பாரசைட்’ படத்தில பணக்கார வீட்டுக்காரர் கார் ஓட்டியின் மணத்தைப் பற்றிக் குறை சொல்லுற இடத்தைப் பாத்து நாங்கள் எல்லாரும் கொந்தளிச்சம். அந்தக் கொந்தளிப்பை வெள்ளவத்தைப் படிக்கட்டுக்கும் கொஞ்சம் கொண்டு வந்திருக்கலாம்.

சரி, கஞ்சாவுக்கு வருவம். காசியிலும் ராஜஸ்தானிலும் அரச உரிமம் பெற்ற கடைகளில் பாங் விக்கினம். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூவையும் பிசினையும்தான் தடுக்கிறது, தனியாக இருக்கிற இலையும் விதையும் அதில் சேர்த்தி இல்லை. ஆகவே அதே செடியின் இலையை அரைச்சுப் பாலில கலந்தா பண்டிகை. பூவைக் கொளுத்தினா குற்றம். பாங் புகையாது, பக்கத்து வீட்டுக்கும் போகாது. நேபாளம் 1973இல் கஞ்சா வியாபாரத்துக்குத் தடை போட்டது. ஆனால் ஒவ்வொரு சிவராத்திரிக்கும் பசுபதிநாதர் கோயில் வளாகத்தில் சாதுக்களின்ர சிலும்பில இருந்து புகை கிளம்பும், பொலிஸ் பாத்துக்கொண்டு நிக்கும். காவி உடுத்தவர் ஊதினால் அது பக்தி மணம். ஊரிலயும் இதே செடியைச் சிவமூலிகை எண்டு சொல்லி நமட்டுச் சிரிப்புச் சிரிக்கிற பெரியவர்கள் இருக்கினம். அவையள்தான் மதவடியில நிக்கிற பெடியளைப் பாத்து ‘கஞ்சாக் குடிக்கி’ எண்டும் சொல்லுறவை.

மூக்கு நீதவான் ஆனால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா பல பத்தாண்டுகள் நடத்திக் காட்டியது. “கஞ்சா மணத்தது” என்று பொலிஸ்காரர் ஒரு வரி எழுதினால் போதும், காரைத் திறந்து சோதிக்கலாம். மணத்தைப் படம் எடுக்க ஏலாது, பையில போட்டு சீல் வைக்க ஏலாது, குறுக்கு விசாரணை செய்யவும் ஏலாது. யாருடைய காரில் அந்த மணம் அடிக்கடி ‘அடித்தது’ என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. கறுப்பரும் வெள்ளையரும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் கஞ்சா பாவிக்கிறார்கள். ஆனால் கஞ்சா வைத்திருந்ததற்காகக் கறுப்பர் கைதாகும் வாய்ப்பு 3.6 மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் 2020இல் கணக்குக் காட்டியது. நியூயோர்க் 2021இலும் மேரிலாந்து 2023இலும் சட்டம் போட்டுத்தான் இந்த மூக்கு அதிகாரத்தைப் பிடுங்க வேண்டியிருந்தது. இலினோய் மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் எரிந்த கஞ்சாவின் மணம் மட்டும் காரைச் சோதிக்கப் போதாது என்றது. மூன்று மாதம் கழித்து எரியாத கஞ்சாவின் மணம் போதும் என்றது, அங்கே காரில் அதை மணம் வெளிவராத பெட்டியில்தான் கொண்டுபோக வேணுமாம். பொலிஸ்காரரின்ர மூக்குக்கு அவ்வளவு நுணுக்கம் இருக்கு எண்டு நம்புறாங்கள், பாருங்கோ.

இந்த இடத்தில எங்கட பக்கத்துப் பெடியளோடயும் கொஞ்சம் சண்டை பிடிக்க வேணும். “மணந்தா என்ன, அது என்ர சுதந்திரம்” எண்டு சொல்லுற கூட்டம் ஒன்று இருக்கு. எனக்கு அது ஒத்துவராது. புகை புகைதான். இழுப்புக்காரக் குழந்தை இருக்கிற வீட்டுக்குள்ள உங்கட சுதந்திரம் ஜன்னலால வர ஏலாது. நியூயோர்க்கில கஞ்சா சட்டபூர்வமான பிறகு, 2023 யூஎஸ் ஓபன் போட்டியில மரியா சக்காரி, மைதானத்தில கஞ்சா மணக்குது எண்டு ஆட்டத்துக்கு நடுவில நடுவரிட்ட முறையிட்டா. அவ ஒன்றும் பழமைவாதி இல்லை, தொந்தரவுபட்ட ஒரு ஆள். வாஷிங்டனில் ஒரு மூதாட்டி பக்கத்து வீட்டுப் புகைக்கு எதிராக வழக்குப் போட்டு 2023இல் வென்றார். அயலவரிடம் மருத்துவ அனுமதி இருந்தது, ஆனாலும் வீட்டில் புகைக்க வேண்டாம் என்று நீதிமன்றம் சொன்னது. யாரும் சிறைக்குப் போகவில்லை.

இன்னொரு விஷயம். பஸ் ஸ்ராண்டில பொப் மார்லி ரீசேர்ட் விக்குது. ஜமேக்காவில் ராஸ்தபாரியர்கள் அந்த மணத்துக்காக எத்தனை பத்தாண்டுகள் அடிவாங்கினார்கள், எத்தனை பேருக்கு முடியை வெட்டி அவமானப்படுத்தினார்கள் என்பது ரீசேர்ட்டில இருக்காது. 2015இல்தான் அங்கே இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருப்பது கைது செய்கிற குற்றம் இல்லை என்று ஆனது, வழிபாட்டுக்குப் பாவிக்கும் உரிமையும் கிடைத்தது. ‘கஞ்சா’ என்கிற சொல்லையே அந்தத் தீவுக்குக் கொண்டுபோனவர்கள் 1845இல் இருந்து கப்பலேறிய இந்தியக் கூலிகள். எங்கட மலையகத்து ஆக்களின்ர முன்னோரைத் தோட்டங்களுக்கு ஏத்தின அதே காலம், அதே பேரரசு. ஸ்ரைலுக்குப் போடுகிற படத்துக்குப் பின்னால இவ்வளவும் கிடக்கு.

திரும்பவும் வாஷிங்டன் தீர்ப்புக்கு வாறன், என்ர வாதத்தின்ர மையம் அதுதான். தொந்தரவைத் தொந்தரவாகப் பார்க்கத் தெரிந்த ஊர்கள் இருக்கின்றன. கஞ்சாவின் தலைநகர் எண்டு எல்லாரும் சொல்லுற ஆம்ஸ்டர்டாமில், மூச்சு விட ஏலாமல் இருக்கு என்று குடியிருப்பாளர்கள் சொல்லச் சொல்ல, 2023 மே மாதம் சிவப்பு விளக்குப் பகுதித் தெருக்களில் கஞ்சா புகைக்கத் தடை வந்தது. மீறினால் 100 யூரோ தண்டம். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலில் இருந்து எடுத்தது. எடுத்த கையோடு, கஞ்சாப் புகையும் மணமும் பொதுத் தொல்லை என்று அறிவித்தது. குப்பை நாறினால் என்ன சட்டமோ கிட்டத்தட்ட அதே சட்டம். கனடா 2018இல் சட்டபூர்வமாக்கினது, ஆனால் கியூபெக்கில் தெருவில் புகைக்க ஏலாது. அன்ரியின் மகன் இருக்கிற ஒன்ராறியோவில் சிகரெட் பிடிக்கக்கூடிய இடத்தில் பெரும்பாலும் இதையும் பிடிக்கலாம். ஊருக்கு ஊர் கோடு வேறு. ஆனால் இங்கெல்லாம் கேள்வி ஒன்றுதான்: புகை எங்கே போகுது? எங்கட ஊரில கேக்கிற கேள்வி வேறு: ஆர் அந்தப் பெடியன்?

எங்கட சட்டம் 1929ஆம் ஆண்டினது. நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. அதற்கு 35 வருடம் முந்தி அதே வெள்ளைக்காரன் இந்தியாவில் ஒரு ஆணைக்குழு வைத்து, மிதமான பாவனையால் பெரிய கேடில்லை, முழுத்தடை வேண்டாம் என்று அறிக்கை எழுதி வாங்கியிருந்தான் என்பது வேறு கதை. இன்னொரு பக்கம், ஆயுர்வேத மருந்துக்கு இதே செடி சட்டப்படி போகுது, ஏற்றுமதிக்குப் பயிரிட முதலீட்டாளரைக் கூப்பிடுகிற கதையும் ஓடுது. முதலீட்டாளரின் தோட்டம் மணக்காதா? நல்லா மணக்கும். அந்த மணத்துக்கு அந்நியச் செலாவணி எண்டு பேர் வைப்பினம்.

2023 டிசம்பரில் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கி, ஒரு சில வாரங்களிலேயே பல்லாயிரம் பேர் கைதானார்கள். வீடுகளுக்குள்ள நாயோட போன காட்சிகளைத் தொலைக்காட்சியில குந்தியிருந்து பாத்தம். ஐநா மனித உரிமை நிபுணர்கள் உடனே நிறுத்தச் சொன்னார்கள். அந்தக் காட்சிகளில வந்த வீடுகளை ஞாபகப்படுத்திப் பாருங்கள். தகரக் கூரை, தோட்டத்து லயம் போல அடுக்கின அறைகள், ஒடுங்கின ஒழுங்கை. சுவர் மெல்லிசா இருந்தா மணம் வெளிய வரும். கொழும்பு 7இல மதில் உயரம், ஏசி பூட்டின அறை, மணம் உள்ளயே கிடக்கும். மூக்கை நம்பிச் செய்யிற எந்த நடவடிக்கையும் கடைசியில சுவரின் தடிப்பைத்தான் அளக்குது.

அதிலும் கொடுமை, எங்கட ஊர்ப் பெடியளை உண்மையில தின்னுற ஐஸுக்கு அடுத்த வீட்டுக்கு எட்டுற மணம் இல்லை. மணக்கிறவனைத் துரத்துவம் எண்டு நிண்டா, மணக்காததுக்குத் தானே மாறுவான்? பெற்றோருக்கு இதைச் சொல்லிப் பாத்தன். “அப்ப கஞ்சா அடிக்கச் சொல்லுறியோ?” எண்டு கேட்டினம். இல்லை. மகனின்ர சேர்ட்டை முகர்ந்து பாக்கிற நேரத்தில அவனோட கதையுங்கோ எண்டு சொல்லுறன்.

பக்கத்து வீட்டுப் புகை உங்களுக்குத் தொந்தரவா? போய்ச் சொல்லுங்கோ. கேக்காட்டி முறையிட வழி வேணும், தண்டமும் வேணும், அது கஞ்சாவோ சுருட்டோ பிளாஸ்ரிக் குப்பையோ. அதுக்கு மேல, மணத்தை மட்டும் வைச்சு ஒருத்தன்ர அறையைத் திறக்க, பாக்கைக் கொட்ட, வேலையை விட்டு நிப்பாட்ட யாருக்கும் உரிமை இல்லை. பொலிசுக்கும் இல்லை, வீட்டுக்கார அன்ரிக்கும் இல்லை, பேசாமல் நிண்ட எங்களுக்கும் இல்லை.

ஹட்டன் பெடியன் இப்ப தெஹிவளையில இருக்கிறான். போன மாதம் அவன்ர புது அறைக்குப் போனன். மேசையில ஊதுபத்திப் பெட்டி நாலைஞ்சு அடுக்கியிருந்தது. “என்னடா, பக்திமான் ஆயிட்டியோ?” எண்டு பகிடியாக் கேட்டன். “இல்லடா, பக்கத்து ரூம்காரன் என்னத்தையாவது அடிச்சா, இந்த மணம் முன்னுக்கு நிக்கும்தானே” எண்டான்.