ஒரு ஊசி 50 டாலர், இன்னொன்று 2,000 டாலர்... பலன் ஒன்றுதான்! பார்வையைக் காக்கும் கண் ஊசி விவகாரத்தில் நடந்தது என்ன?

பேப்பரில் வரிகள் நெளிந்து தெரிகிறது. எதிரில் நிற்பவரின் முகம் மட்டும் நடுவில் கறுப்பு விழுந்த மாதிரி இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இப்படிச் சொன்னால், "கண்ணாடி பவர் மாத்தணும் போல" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால், இது விழித்திரை பாதிப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இந்த பாதிப்புக்கு உலகம் முழுவதும் கண்ணுக்குள் போடப்படும் ஊசிகளில் ஒன்று அவாஸ்டின். உண்மையில் அது புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட மருந்து. கண் சிகிச்சைக்கு அனுமதி கொடுங்கள் என்று அதைத் தயாரித்த நிறுவனம் அமெரிக்காவில் கேட்கவே இல்லை. அப்படியென்றால் அது கண்ணுக்கு வந்தது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

விழித்திரையில் என்ன நடக்கிறது?

கண்ணின் பின்சுவரில் இருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. அதன் மையப் பகுதி மாக்குலா. படிப்பது, முகம் பார்ப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் இந்தப் பகுதியால்தான் முடிகிறது.

வயது கூடும்போது சிலருக்கு மாக்குலாவின் அடியில் தேவையில்லாத ரத்தக்குழாய்கள் முளைக்கும். அவை பலவீனமானவை. அவற்றிலிருந்து நீரும் ரத்தமும் கசியும். கவனிக்காமல் விட்டால் மையப் பார்வையே போய்விடும். சர்க்கரை நோயாளிகளுக்கும் வேறு விதத்தில் மாக்குலாவில் நீர் கோத்து வீக்கம் வரும்.

இரண்டிலும் முக்கிய காரணம் வி.இ.ஜி.எஃப் என்ற புரதம். புதிய ரத்தக்குழாய்களை வளரச் சொல்லி உத்தரவு போடுவது இதுதான். 1989-ல் அமெரிக்காவின் ஜெனன்டெக் நிறுவனத்தில் இருந்த விஞ்ஞானி நெப்போலியோன் ஃபெராரா இதைப் பிரித்தெடுத்து அடையாளம் காட்டினார். புற்றுநோய்க் கட்டிகள் வளரவும் இதே புரதம்தான் உதவுகிறது. அதைத் தடுக்க உருவானதுதான் அவாஸ்டின். 2004-ல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது.

மியாமி மருத்துவரின் யோசனை

கண்ணுக்கென்று ஜெனன்டெக் தனியாக இன்னொரு மருந்தைத் தயாரித்தது. அதன் பெயர் லூசென்டிஸ். அவாஸ்டினைப் போலவே வி.இ.ஜி.எஃப்-ஐப் பிடித்து முடக்கும், ஆனால் அளவில் சிறிய மூலக்கூறு. 2005-ல் அது இன்னும் சோதனைக் கட்டத்தில் இருந்தது.

அந்தச் சோதனையை நடத்தியவர்களில் ஒருவர் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட். மியாமியில் உள்ள பாஸ்கம் பால்மர் கண் மருத்துவமனையில் நோயாளிகளையும் பார்ப்பார், ஆராய்ச்சியும் செய்வார். புது மருந்து வரும்வரை தன் நோயாளிகளின் கண் காத்திருக்காது என்பது அவருக்குத் தெரியும். கடையில் கிடைக்கும் அவாஸ்டின் ஏன் வேலை செய்யாது என்று யோசித்தார்.

முதலில் நரம்பு வழியாகக் கொடுத்துப் பார்த்தார். பலன் இருந்தது. ஆனால் ரத்த அழுத்தம் கூடியது. முதியவர்களுக்கு இது ஆபத்து. அடுத்து, புற்றுநோய்க்குக் கொடுப்பதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான அளவை நேரடியாகக் கண்ணுக்குள் செலுத்தினார். மற்ற சிகிச்சைகள் பலன் தராத நோயாளிக்கு ஒரே வாரத்தில் ஸ்கேனில் நீர்க்கசிவு வடிந்திருந்தது. 2005-ல் இது வெளியானதும், உலகம் முழுக்க கண் மருத்துவர்கள் இதையே பின்பற்ற ஆரம்பித்தார்கள்.

விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

2006-ல் லூசென்டிஸுக்கு அனுமதி கிடைத்தது. அதன் முக்கியச் சோதனை முடிவை முதல் ஆசிரியராக வெளியிட்டவரும் ரோசன்ஃபெல்ட்தான். ஊசி ஒன்றுக்கு விலை சுமார் 2,000 டாலர். அவாஸ்டின் குப்பியிலோ 100 மில்லிகிராம் மருந்து. கண்ணுக்குத் தேவை வெறும் 1.25 மில்லிகிராம். ஒரு குப்பியைப் பல சிரிஞ்சுகளாகப் பிரித்தால் ஒரு டோஸ் சுமார் 50 டாலரில் முடிந்துவிடும்.

மலிவான மருந்தும் சமமாக வேலை செய்யுமா? நிறுவனம் அதைச் சோதிக்க முன்வரவில்லை. அதனால் அமெரிக்க அரசின் தேசிய கண் நிறுவனம் பணம் கொடுத்து, சுமார் 1,200 பேரிடம் 'கேட்' என்ற ஆய்வு நடந்தது. 2011-ல் முடிவு வந்தது. மாதாமாதம் ஊசி போட்டவர்களில், ஓராண்டில் அவாஸ்டின் குழுவினர் பார்வைப் பலகையில் சராசரியாக 8 எழுத்துகள் கூடுதலாகப் படித்தார்கள். லூசென்டிஸ் குழுவினர் 8.5 எழுத்துகள். அதாவது, கிட்டத்தட்ட சமம்.

அவாஸ்டின் குழுவில் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் சற்று அதிகம். ஆனால் அது மருந்தால்தானா என்பது அந்த ஆய்வில் நிரூபணமாகவில்லை. 2013-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில், கண் சிகிச்சைக்காக இந்த மருந்தைச் சேர்த்தது.

2014-ல் இத்தாலியின் போட்டி ஆணையம், விலை உயர்ந்த மருந்தைக் காப்பாற்ற அவாஸ்டின் பற்றி பயத்தைக் கிளப்பியதாகச் சொல்லி ரோச், நோவார்டிஸ் நிறுவனங்களுக்கு மொத்தம் 18 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. குற்றச்சாட்டை இரு நிறுவனங்களும் மறுத்தன.

அப்படியென்றால் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. பிரச்சினை மருந்தில் அல்ல, பிரிப்பதில். ஒரு குப்பியைப் பல சிரிஞ்சுகளாகப் பிரிக்கும் இடம் சுத்தமாக இல்லாவிட்டால், கிருமி நேராகக் கண்ணுக்குள் போகும். 2011-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இப்படித்தான் 12 பேருக்குக் கண்ணில் கடும் தொற்று ஏற்பட்டது. 2016 ஜனவரியில் குஜராத்தில் ஊசி போட்ட 15 பேர் பாதிக்கப்பட்டதும், கண்ணுக்கு அவாஸ்டின் பயன்படுத்த வேண்டாம் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. ஏழை நோயாளிகளுக்கு வேறு வழியில்லை என்று கண் மருத்துவர் சங்கங்கள் முறையிட்டன. அதே ஆண்டு மார்ச்சில் தடை விலக்கப்பட்டது.

இன்னொன்று, இந்த மருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தராது. சர்க்கரை நோயால் ஏற்கெனவே பார்வை அதிகம் குறைந்தவர்களுக்கு, முதல் ஆண்டில் அஃப்ளிபெர்செப்ட் என்ற மருந்து கூடுதல் பலன் தந்ததாக 2015-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பாதிப்பு லேசாக இருந்தவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்தியாவில் இப்போது என்ன வழி?

லூசென்டிஸுக்கு இணையான மருந்தை இந்திய நிறுவனமான இன்டாஸ் 2015-லேயே 'ரசுமாப்' என்ற பெயரில் கொண்டுவந்தது. அசல் மருந்தைவிட விலை குறைவு. எந்த மருந்து யாருக்கு என்பதை ஸ்கேன் பார்த்து விழித்திரை நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியது என்ன?

* ஒரு கண்ணை மூடி, கட்டம் போட்ட தாளையோ ஜன்னல் கம்பியையோ பாருங்கள். நேர்கோடு வளைந்து தெரிந்தால் தாமதிக்காமல் விழித்திரை நிபுணரைப் பாருங்கள். பிறகு அடுத்த கண்.

* சர்க்கரை நோய் இருந்தால், பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை அவசியம்.

* ஊசி போட்ட பிறகு வலி, கண் சிவப்பு, பார்வை மங்கல் அதிகமானால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

* ஒரு ஊசியோடு முடிவதில்லை. பலருக்கும் தொடர்ந்து போட வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்தினால் கசிவு திரும்ப வரும்.

போன பார்வை முழுதாகத் திரும்புவது கடினம். இருக்கும் பார்வையைக் காப்பாற்ற மருந்து இருக்கிறது, அதுவும் கட்டுப்படியாகும் விலையில். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.